எங்க கம்பெனி வீல்

"இது எந்தக் கம்பெனி வீல்?"

"எங்க கம்பெனி" என்றேன்.

என் காரின் முன் சக்கரத்தருகே குத்தவைத்து உட்கார்ந்திருந்த ஆய்வாளர், தலையை மட்டும் திருப்பி என்னை நிமிர்ந்து பார்த்தார். கையில் சின்ன டார்ச். சட்டைக் காலரில் செம்மண் ஏறியிருந்தது. நான் முக்காட்டை இறுக்கிப் பின் குத்தி, பந்தய உடையின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி நின்றிருந்தேன். கேலி பேசுகிறேனோ என்று அவருக்குச் சந்தேகம். பழங்காநத்தத்தில் பட்டறை வைத்திருக்கிறோம், அலுமினியக் கட்டியில் நாங்களே கடைந்த வீல் என்று விளக்கினேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டார்.

பரவை தாண்டி, கதிர் அறுத்து முடிந்த வயல்களுக்கு நடுவே கிடந்த பெரிய பொட்டல் அது. மண்ணில் தடம் போட்டு, வளைவுகளில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறாரோ அவர் ஜெயிப்பார். ஓடுவதற்கு முன் ஒவ்வொரு காரையும் பந்தலுக்குக் கீழே நிறுத்தி, பெல்ட், பிரேக், சக்கரம் எல்லாம் பார்ப்பார்கள். ஆய்வாளர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியது.

"நீங்க செஞ்ச வீல உள்ள விட்டு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான்தாம்மா பதில் சொல்லணும்" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். என் கூட்டாளி பாண்டியைப் பார்த்தேன். அவர் வேனில் இருந்த சாக்கு மூட்டைகளை எடுத்துவரப் போனார்.

மூட்டைகளில் இருந்ததைக் காட்டுவதற்கு முன், அவை எப்படி வந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரில் போன வாரம் நான் ஓசூர் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகி, "சாம்பார் இருக்கட்டும், கார்ப் பந்தயத்துக்குள் எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். மூட்டைகளுக்கும் அவர் கேள்விக்கும் பதில் ஒன்றுதான்.

பட்டறைச் சந்து

பழங்காநத்தத்தில் எங்கள் பட்டறை இருக்கும் சந்துக்குள் ஓர் ஆட்டோ நுழைந்தால், எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் தையல் கடை, மறுபக்கம் மாவு மில். நடுவில் நாங்கள். உள்ளே உலோகத்தைச் சுழற்றிக் கடையும் பெரிய லேத் ஒன்று, கம்ப்யூட்டர் சொன்னபடி வெட்டுகிற மெஷின் ஒன்று, ஓயாமல் சுற்றும் மின்விசிறி ஒன்று.

லேத் பாண்டியுடையது. கம்ப்யூட்டர் மெஷின் என்னுடையது. பாலிடெக்னிக்கில் நாங்கள் ஒரே வகுப்பு. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அண்ணே என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவர்கள் வீட்டில் பரவைப் பக்கம் நெல்லும் வாழையும் போடுகிறார்கள். அறுவடைக் காலத்தில் காலையில் வயலுக்குப் போய்விட்டு, காலில் சேறு காய்ந்தபடி லேத்துக்கு வருவார். ஆனால் அளவு தப்பாது.

நான் ஓசூரில் எட்டு ஆண்டு மெஷின் ஓட்டியவள். கல்யாணமாகி மதுரை வந்ததும், இங்கே என்ன வேலை கிடைக்கும் என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். எனக்குக் கவலை இல்லை. பம்ப் இருக்கும் ஊரில், அரிசி மில் இருக்கும் ஊரில், கடைசல் வேலை தெரிந்தவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. பாண்டி அண்ணனுக்கு போன் செய்தேன். "நானே கூப்புடணும்னு இருந்தேன்" என்றார். அப்படித்தான் தொடங்கியது.

என் மாமியாருக்கு மட்டும் நான் என்ன வேலை செய்கிறேன் என்பது நெடுநாள் பிடிபடவில்லை. காஜிமார் தெருவில் பக்கத்து வீட்டார் கேட்டால், "இரும்ப வெண்ணெ மாதிரி வெட்டுறா" என்று சொல்லிவைப்பாராம். அதைவிடச் சரியாக நானே சொல்ல முடியாது.

உடைந்த சக்கரம்

என் கணவர் ரஃபிக்குத் தெற்கு மாசி வீதியில் கைலி மொத்த வியாபாரம். அவர் வாங்கிய பழைய கார் ஒன்று எங்களிடம் இருந்தது. ஒருநாள் பள்ளத்தில் இறங்கி அதன் அலாய் வீல் ஒன்று நெளிந்துபோனது. சாலையோரக் கடை ஒன்றில் அதைச் சூடு காட்டி நிமிர்த்தி, விரிசலில் வெல்டிங் வைத்து, வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்கப் புதிது மாதிரி இருந்தது. நான் அன்று ஊரில் இல்லை. இருந்திருந்தாலும் பெயின்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரிந்திருக்காது.

சில வாரம் கழித்து நான்கு வழிச்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். அவர் ஓட்டினார். நான் பக்கத்தில். முன்னால் இடது பக்கம் ஏதோ ஓடு உடைவது போல ஒரு சத்தம். வெல்டிங் வைத்த அந்த வீல் உடைந்து, கார் மூக்கால் உழுதுகொண்டு போய் நடுச்சுவரில் மோதி நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவருடைய வலது முழங்கால் நொறுங்கிவிட்டது.

இன்றைக்கும் அந்தக் கால் முழுதாக மடங்காது. தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்துதான் முடிப்பார். அதைப் பற்றிப் புலம்பியதில்லை. ஆனால் அதன்பிறகு எந்தக் காரிலும் முன் சீட்டில் அவர் உட்காரவில்லை. வாடகைக் கார் என்றாலும் பின்னால்தான். முன்னால் இடமிருக்கிறதே என்று யாராவது சொன்னால், காலை நீட்டிக்கொள்ள வசதி என்பார். முன் சீட்டில்தான் காலை நன்றாக நீட்டலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை.

எனக்கு வேறு மாதிரி. ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே அந்தச் சத்தம் காதில் கேட்டது. பயத்தை இப்படியே விட்டால் வீட்டுக்குள் குடிவந்துவிடும் என்று தோன்றியது. பாண்டி அண்ணனின் உறவுக்காரப் பையன்கள் பொட்டலில் கார் ஓட்டிப் பழகுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே போனேன். மோதுவதற்குச் சுவர் இல்லை, எதிரே லாரி இல்லை. மண்ணில் கார் வழுக்கும்போது அதை எப்படித் திரும்பப் பிடிப்பது என்று கற்றுக்கொண்டேன். ஒரு மாதத்தில் பயம் போனது. இரண்டாவது மாதத்தில் வேகம் வந்தது. பிறகு ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, அதைப் பந்தயத்துக்கென்றே பிரித்துக் கட்டினோம்.

ஐந்து கட்டிகள்

காருக்கு முன்பக்கம் பெரிய டிஸ்க் பிரேக் போட்டோம். போட்ட பிறகுதான் பழைய இரும்பு வீல் அதன்மேல் உட்காரவில்லை என்று தெரிந்தது. பிரேக்கின் தடித்த பகுதி வீலின் உள்பக்கம் இடித்தது. கடைகளில் கேட்டுப் பார்த்தோம். அந்த அளவில் கிடைத்த வீல்களின் போல்ட் ஓட்டைகள் பொருந்தவில்லை. போல்ட் பொருந்தினால், சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. ஒரு கடைக்காரர், பிரேக்கைக் கொஞ்சம் ராவிவிட்டால் சரியாகிவிடும் என்று யோசனை சொன்னார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மதியம் பட்டறையில் சாப்பிட்டுக்கொண்டே, நாமே செய்தால் என்ன என்றேன். பாண்டி அண்ணன் ரசத்தைப் பிசைந்துகொண்டே லேத்தைத் திரும்பிப் பார்த்தார். எவ்வளவு பெரிய வட்டம் அதில் சுற்றும் என்று கண்ணாலேயே அளந்துவிட்டு, "சுத்தும்" என்றார்.

வீட்டில் ரஃபியிடம் சொன்னேன். அவர் கைலிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"வீல நம்பித்தான் வண்டில ஏறுறோம். அந்த வீல் யாருன்னே நமக்குத் தெரியாது" என்றார் கடைசியில்.

"இனிமே தெரியும் மச்சான்."

"செய்யி. நான் தடுக்கல. ஆனா நான் ஏற மாட்டேன்."

சரி என்றேன்.

அடித்து இறுக்கிய அலுமினியக் கட்டிகள் வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்கின. ஆட்டுக்கல் உயரத்துக்கு வட்ட வட்டமாக ஐந்து. ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. அதிலிருந்து கடைந்து எடுக்கும் வீல் ஆறு கிலோதான் இருக்கும். மீதியெல்லாம் சுருளாகத் தரையில் விழும். தையல் கடை அக்கா, இம்புட்டையும் வெட்டிக் குப்பையாக்கவா வாங்கினீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். சுருளை உருக்குவதற்குத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்று சொன்ன பிறகுதான் அவருக்கு மனசு ஆறியது.

பாண்டி அண்ணன் லேத்தில் வெளி வடிவத்தைக் கடைந்தார். டயர் உட்காரும் விளிம்பு, அதன் சரிவு, டயரை மாட்டும்போது ஒரு பக்கம் இறங்கிக்கொள்ள நடுவில் ஒரு பள்ளம். இந்தப் பள்ளம் ஆழமில்லாவிட்டால் எந்த மல்லனாலும் டயரை உள்ளே ஏற்ற முடியாது. பிறகு கட்டி என் மெஷினுக்கு வரும். போல்ட் ஓட்டைகள், நடு ஓட்டை, நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கம்பிகளுக்கு இடையிலுள்ள வெளி எல்லாம் நான் வெட்டினேன். சூடு தணிக்கும் வெள்ளை எண்ணெய்த் தண்ணீர் பீய்ச்சியடிக்க, அதன் நடுவே வெட்டும் டூல் பாடிக்கொண்டே போகும். அந்தப் பாட்டில் சுதி மாறினால், கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். மெஷினை நிறுத்தி டூலை மாற்றுவேன்.

அந்த நாட்களில் எங்கள் சந்தில் நடந்தவர்களின் செருப்பெல்லாம் அலுமினியத் தூளில் மின்னியது. மாவு மில்லுக்கு வந்த ஒருவர் மிளகாய்த்தூளில் ஏதோ பளபளக்கிறது என்று சண்டைக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து வாசலில் ஈரச் சாக்கு விரித்து, வெளியே போகிறவர்கள் அதில் காலைத் தேய்த்துவிட்டுப் போகவேண்டும் என்று வைத்தோம்.

மதுரை வெயிலும் ஒரு முடியும்

ஓசூரில் பட்டறைக்குள் ஏசி இருந்தது. மதுரையில் எங்களுக்கு வெயில்தான் கூட்டாளி. அலுமினியம் சூட்டில் விரியும். காலையில் அளந்த வீலை மதியம் அளந்தால், விட்டம் ஒரு தலைமுடி கனத்துக்குக் கூடியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் கருவியில் கோளாறு என்பார்கள். கருவியில் ஒன்றுமில்லை, சித்திரை மாதம்தான் கோளாறு.

அதனால் கடைசி அளவை விடிந்ததும்தான் எடுப்போம். வீல் இரவெல்லாம் ஆறியிருக்கும். சந்தில் பால்காரர் வண்டிச் சத்தம் மட்டும். வீலை மெல்லச் சுற்றவிட்டு, வட்டம் கோணுகிறதா என்று காட்டும் டயலின் நுனியை விளிம்பில் வைத்தால், முள் நகரக்கூடாது. முதல் வீலில் முள் சுவாசிப்பது போல லேசாக அசைந்து நின்றது; அனுமதித்த அளவுக்கும் குறைவு. பாண்டி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். டீ குடிக்கப் போனோம். ரொம்ப நல்ல டீ அது.

கொல்வதற்கு ஒன்று

காருக்கு நான்கு வீல் போதும். ஐந்தாவது எதற்கு என்று ரஃபி கேட்டார். கொல்வதற்கு என்றேன்.

வீலைப் படுக்கவைத்து இரும்புத் தட்டில் இறுக்கினோம். அதன் நடுவில் நீளமான ஷாஃப்ட் தண்டு ஒன்றைப் பூட்டி, ஷாஃப்டின் முனையில் ஒரு பக்கம் மட்டும் எடை வைத்து, மோட்டாரால் சுற்றவிட்டோம். வேகமாக வளைவில் திரும்பும்போது சக்கரம் படும் பாட்டை, ஓரிடத்தில் நிற்கவைத்தே அதைப் படவைக்கும் ஏற்பாடு. பெரிய தொழிற்சாலைகளில் இதற்கென்று மெஷின் இருக்கிறது. எங்களுக்கு ஒரு பழைய கிணற்று மோட்டாரும் பாண்டி அண்ணனின் வெல்டிங்கும்.

நாள்கணக்கில் அது சுற்றியது. சந்தே அதிர்ந்தது. தையல் கடை அக்கா எங்கள் சத்தத்துக்குத் தோதாகத் தையல் மெஷினை மிதிக்கப் பழகிவிட்டதாகச் சொன்னார். நாங்கள் கணக்குப் போட்ட அளவைத் தாண்டியும் வீலில் ஒரு விரிசல்கூட இல்லை. பிறகு எடையைக் கூட்டினோம். இன்னும் கூட்டினோம். கடைசியில் ஒரு போல்ட் ஓட்டையின் ஓரத்தில் விரிந்தது. உடைந்தால் அங்கேதான் உடையும் என்று நான் முன்பே சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். வட்டத்துக்குள்தான் விரிசல்.

ரஃபி கடையிலிருந்து வரும் வழியில் அதைப் பார்க்க வந்தார். விரிசலை விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். "எம்புட்டு எடையில?" என்று கேட்டார். நம் கார் தரக்கூடியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

சிவப்புக் கோடு

மற்ற நான்கு வீல்களையும் சாயம் போட்டுச் சோதித்தோம். சிவப்புச் சாயத்தைத் தடவி ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியை அடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்காவது இருந்தால், அதற்குள் புகுந்த சாயம் வெள்ளையில் சிவப்பாகக் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். மூன்று வீல்கள் வெள்ளையாகவே நின்றன.

நான்காவதில், ஒரு கம்பி நடுப்பகுதியைத் தொடும் இடத்தில், மெல்லிய சிவப்புக் கோடு எழுந்தது. கண்ணிமை மயிர் அளவுக்குத்தான்.

போட்டிக்கு ஒரு வாரம்கூட இல்லை. நான்கிலும் அழகாக வந்திருந்தது அதுதான். முதல் வீலில் கற்றதையெல்லாம் அதில் போட்டிருந்தோம்.

"தோல் கீறல்தான் தங்கச்சி. ஒரு வெட்டு எடுத்தா போயிரும்" என்றார் பாண்டி அண்ணன். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த இடத்தில் மெல்லிய வெட்டு ஒன்று எடுத்தேன். மறுபடி சாயம். மறுபடி கோடு. இன்னொரு வெட்டு. கோடு கொஞ்சம் நீண்டிருந்தது.

பாண்டி அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இதைப் பின்பக்கம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். பின்பக்கம் பாரம் குறைவு, ஓடுவதும் சில நிமிடங்கள்தான், உடையாது என்றே அவருக்குப் பட்டது. உண்மையில் உடையாமலும் இருந்திருக்கலாம். நான் அந்த வீலைத் தூக்கிக்கொண்டுபோய் அறுக்கும் மெஷினில் வைத்தேன்.

"இம்புட்டு வேல பாத்தது அறுத்துப் போடவா?" என்றார்.

"உள்ள என்ன இருக்குன்னு பாத்துருவோம்ணே."

இரண்டாகப் பிளந்தது. வெட்டுமுகம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. அதன் நடுவே, கட்டை விரல் நகம் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு மடிப்பு உள்ளே ஓடியிருந்தது. கட்டியிலேயே பிறந்த குறை. நாங்கள் செய்ததில் தவறில்லை. ஆனால் சக்கரம் உடையும்போது யார் செய்த தவறு என்று கேட்டுக்கொண்டு உடையாது.

பாண்டி அண்ணன் இரண்டு பாதிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நம்மகிட்ட இருக்குறது மூணு வீல் கார்" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

சிரித்து முடித்தபோது வழி தெரிந்துவிட்டது. பெரிய பிரேக் இருப்பது முன்னால் மட்டும்தான். பின்னால் பழைய இரும்பு வீல் தாராளமாக உட்காரும். முன்னால் இரண்டு புதியது, பின்னால் இரண்டு பழையது, மூன்றாவது கைவசம். ஆனையூர் டயர் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். காற்று ஏற ஏற டயர் விளிம்பு நகர்ந்து, 'டப்' என்று தன் இடத்தில் உட்கார்ந்தது. இத்தனை சுத்தமாக உட்கார்ந்து பார்த்ததில்லை என்றார் கடைக்காரர். கார் மட்டும், மேலே பட்டுச் சட்டையும் கீழே அழுக்குக் கைலியும் கட்டியவர் மாதிரி இருந்தது.

மறுபடியும் பந்தலுக்கு

ஆக, பாண்டி அண்ணன் வேனிலிருந்து கொண்டுவந்த சாக்கு மூட்டைகளில் இருந்தவை: சோதனையில் விரிந்த வீல் ஒன்று, இரண்டாகப் பிளந்த வீல் ஒன்று.

பந்தலுக்குள் இரண்டையும் தார்ப்பாயில் பரப்பினோம். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. நான் முதல் வீலைக் காட்டி, இதை எவ்வளவு பாரத்தில், எத்தனை நாள் சுற்றிக் கொன்றோம் என்று விளக்கினேன். மோட்டார் சுற்றும் காட்சியைப் போனில் காட்டினேன். ஆய்வாளர் பொறுமையாகப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு பிளந்த பாதியைக் கையில் எடுத்தார். வெட்டுமுகத்தில் இருந்த கறுப்பு மடிப்பின்மேல் டார்ச் அடித்தார்.

"இத ஏன் அறுத்தீங்க?"

"சாயத்துல கோடு காட்டுச்சு சார்."

"வெளிய எம்புட்டு தெரிஞ்சது?"

கண்ணிமை மயிரளவு என்று சொன்னேன். அவர் அந்தப் பாதியை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பின் சக்கரங்கள் ஏன் இரும்பு என்று அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கச் சொன்னார். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார், ஆட்டிப் பார்த்தார், ஒவ்வொரு போல்ட்டையும் தானே முறுக்கிப் பார்த்தார்.

"இங்க வர்ற பாதிப் பேருக்கு அவங்க வீல் எங்க செஞ்சதுன்னே தெரியாது. போங்கம்மா, ஓட்டுங்க" என்றார்.

மூன்றாவது வளைவு

எனக்கு இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் தடத்தைப் பழகிக்கொண்டேன். இரண்டாவதில் மிதித்தேன்.

ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னல் வழியே மண் வாடையும் காய்ந்த வைக்கோல் வாடையும். பெரிய பிரேக் தன் வேலையைக் காட்டியது. மற்றவர்கள் வேகம் குறைத்த இடத்தைத் தாண்டிப் போய் நான் குறைத்தேன். மூன்றாவது வளைவில், முந்தைய கார்கள் உழுதுபோட்ட மண்ணுக்குள் ஒரு கல் ஒளிந்திருந்தது. முன் இடது சக்கரம் நேராக அதன்மேல் ஏறியது.

ஸ்டீயரிங் கையை உதறியது. பல் கிட்டித்தது. அந்த ஒரு நொடியில், ஓடு உடையும் சத்தம் வரும் என்று என் உடம்பு தானாகவே காத்திருந்தது. வரவில்லை. கார் ஒருமுறை குலுங்கிவிட்டு, நான் திருப்பிய பக்கம் திரும்பியது. காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே கோட்டைக் கடந்தேன்.

சின்னக் கார்களுக்கான பிரிவில் மூன்றாவது இடம். முதல் இரண்டு பேரும் என்னைவிட நன்றாக ஓட்டினார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

முன் சீட்டு

இறங்கியதும் முதல் வேலையாக அந்தச் சக்கரத்தைப் பார்த்தேன். டயருக்குச் சேதமில்லை. வீல் விளிம்பில் நகக்கீறல் மாதிரி ஒரு தழும்பு. அவ்வளவுதான். சுற்றிவிட்டால் நேராகச் சுற்றியது. பாண்டி அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஆனாலும் ஜாக்கியை எடுத்துவரச் சொன்னேன். அடிபட்ட வீலைக் கழற்றினேன். பட்டறையில் சாயம் போட்டுப் பார்க்காமல் அது இனி ஓடாது. மூன்றாவது வீலை மாட்டி, போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கினேன். நிமிர்ந்தபோது ரஃபி, பார்வையாளர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து வெயிலில் நின்றிருக்கிறார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"நல்லாத்தான இருந்துச்சு, ஏன் மாத்துற?" என்று கேட்டார்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு மச்சான். உள்ள எனக்குத் தெரியாதுல்ல."

அவர் கழற்றி வைத்த வீலைப் பார்த்தார். மாட்டிய வீலைப் பார்த்தார்.

போட்டி முடிந்திருந்தது. கடைசியாக, விரும்புகிறவர்கள் வீட்டாரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போகலாம் என்று மைக்கில் அறிவித்தார்கள். குழந்தைகள் கார்களை நோக்கி ஓடினார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரஃபி கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தார். இன்னொரு ஹெல்மெட்டை வைத்திருந்த பாண்டி அண்ணனிடம் போய், "மாப்ள, அந்த ஹெல்மெட்டக் குடு" என்றார்.

இடது பக்கக் கதவைத் திறந்து, சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினார். மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி முதலில் உள்ளே வைத்தார். பிறகு தானும் உட்கார்ந்தார். பெல்ட் கொக்கி அவர் கைக்குப் பிடிபடவில்லை. நான் குனிந்து மாட்டிவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் அவர் உதடு அசைந்தது. ஓதுகிறார் என்று புரிந்தது. ஓதி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

மெதுவாகக் கிளம்பினேன். முதல் வளைவை மாட்டுவண்டி போல எடுத்தேன். இரண்டாவதையும் அப்படியே. பக்கத்தில் அவர் கை கதவுப் பிடியை இறுக்கியிருந்தது. பிறகு கொஞ்சம் தளர்ந்தது. எட்டி முன் சக்கரம் இருக்கும் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இம்புட்டு மெதுவாவா ஓட்டி மூணாவது வந்த?"

மிதித்தேன்.